மிதக்கும் காற்றாலையில் ஏறுபவரின் உடலையும் கணக்கில் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்குக் கப்பல்களின் இயந்திர அறையில் 22 ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு பழகிய என் அண்ணன் மகன் இப்போது ஐரோப்பாவின் கடல் காற்றாலைகளில் வேலை தேடுகிறான். மிதக்கும் காற்றாலைகளைப் பற்றிய செய்திகளில் மெகாவாட்டும் முதலீடும் தவறாமல் இடம்பெறுகின்றன; அவற்றில் ஏறிப் பழுது பார்ப்பவர்களின் உடல்நிலையோ அரிதாகவே பேசப்படுகிறது.

ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் கரைக்கு அப்பால் 2017-இல் இயங்கத் தொடங்கிய ஐந்து ஹைவிண்ட் காற்றாலைகளும், நார்வேக்கு அப்பால் வட கடலில் 2023-இல் திறக்கப்பட்ட ஹைவிண்ட் டாம்பெனின் பதினொரு காற்றாலைகளும் கடல்தரையில் ஊன்றப்படாமல், நங்கூரச் சங்கிலிகளின் பிடியில் மிதப்பவை. மிதவை ஒரு பாகை சாய்ந்தாலே 100 மீட்டர் உயரத்தில், கோபுர உச்சியில் உள்ள இயந்திர அறை ஏறத்தாழ ஒன்றேமுக்கால் மீட்டர் நகர்ந்துவிடும். அடிவானம் தெரியாத அந்த அறைக்குள் கண் அசைவில்லை என்று சொல்ல, உட்செவி அசைவு உண்டு என்று சொல்ல, அந்த முரணில்தான் குமட்டலும் தலைசுற்றலும் தொடங்குகின்றன. ஐந்தாறு விநாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மெதுவான அசைவே மனிதரை மிக அதிகமாக வருத்துவது. வாந்தி எடுக்காதவருக்கும் தூக்கக் கலக்கம் வரும், கவனம் சிதறும், நிலைதவறாமல் நிற்பதற்கே தசைகள் ஓயாமல் உழைத்துக் களைக்கும். அந்த நிலையில்தான் அவர் கனத்த போல்ட்டுகளை முடுக்க வேண்டும், மின்பெட்டியைத் திறந்து சோதிக்க வேண்டும்.

இதில் என்னை மிகவும் உறுத்துவது ஒன்று உண்டு. சுழலும் இறக்கைகள் மேல் படும் காற்றே கோபுரத்தின் ஆட்டத்தை ஓரளவு அடக்குகிறது. பராமரிப்புக்காக இறக்கைகளை நிறுத்தியதும் அந்த அடக்கம் பெரிதும் போய்விடுகிறது. ஆள் உள்ளே இருக்கும் நேரமும் அந்தத் துணை இல்லாத நேரமும் ஒன்றாகவே அமைகின்றன.

தொழிலாளரைப் படகில் அனுப்பலாமா என்று முடிவு செய்ய, பொதுவாக ஒன்றரை மீட்டர் அலை உயரத்தை எல்லையாகக் கொள்கிறார்கள். அது படகிலிருந்து ஏணிக்குத் தாவுவதற்கான எல்லை; மேலே நின்று வேலை செய்வதற்கானது அன்று. உள்ளூரில் காற்றே இல்லாதபோதும் தொலைதூரப் புயலின் நெடிய அலைகள் வந்து சேரும் என்பதைக் கள்ளக்கடலை அறிந்த நம் குமரி மீனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உயரம் குறைந்த அத்தகைய அலையும் மிதவையை ஆட்டக்கூடும். கப்பல் பணியாளர்களுக்காக 1987-இல் நார்டிக் நாடுகள் வகுத்த அளவுகோல், கடினமான உடலுழைப்புக்கு 4 பாகை உருளலையும் (கப்பல் பக்கவாட்டில் சாய்ந்தாடுவது) மூளை உழைப்புக்கு 3 பாகையையும் எல்லையாக வைத்தது. கப்பலுக்குச் செய்ததை ஒல்லியான கோபுரத்தின் உச்சிக்கு அப்படியே பொருத்துவது போதாது.

ஆகவே, இயந்திர அறையின் அசைவை அங்கேயே அளந்து, குழு கரையை விட்டுக் கிளம்பும் முன் அந்த அளவைக் காட்ட வேண்டும். உடல் ஒத்துழைக்காதபோது கூலி இழக்காமல் வேலையை நிறுத்தி இறங்கும் உரிமை ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். காற்றாலைத் தொழிலாளருக்கான உலகளாவிய அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் முதலுதவி, சுமை தூக்குதல், தீ, உயரத்தில் வேலை, கடலில் உயிர்தப்புதல் ஆகிய பாடங்கள் உள்ளன. ஆடும் தளத்தில் வேலை செய்வதும் மிதவைக்குச் செல்வோருக்குத் தனிப் பாடமாக வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இந்த மூன்றையும் கேட்டு எழுத்தில் வாங்கும்படி என் அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர்,
தூத்துக்குடி.