கப்பல்கள் பேலஸ்ட் நீர் மாற்றும் இடத்தை ஆழ்கடலில் குறிக்கக் கோரி மனு

அனுப்புநர்
நாட்டுப்படகு மீனவர்கள்,
ஆறுகாட்டுத்துறை, வேதாரண்யம் வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகப்பட்டினம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சரக்கில்லாத கப்பல் நிலைகுலையாமல் இருக்கத் தொட்டிகளில் கடல்நீரை நிரப்பிக்கொள்கிறது. அதுதான் பேலஸ்ட் நீர். சரக்கு ஏற்றும் துறைமுகத்தில் அதைக் கொட்டும்போது எங்கோ பிறந்த சிப்பிக் குஞ்சும் பாசியும் சேர்ந்தே இறங்குகின்றன. எண்ணூரில் காக்கா ஆழி மண்டிக் கிடப்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும். தென் அமெரிக்கச் சிப்பி அது, கப்பலோடு வந்திருக்கும் என்கிறார்கள். பாய் விரித்தாற்போல அடிமண்ணை மூடி, இறாலுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது.

காரைக்காலுக்கு நிலக்கரி கொண்டுவரும் கப்பல்களை நாங்கள் குறை சொல்லவில்லை. பாரத்தோடு வரும் கப்பலில் இந்த நீர் அதிகம் இருக்காது. சரக்கு ஏற்ற வெறுமனே வரும் கப்பலைப் பற்றித்தான் கவலை.

2004ல் உருவாகி 2017 செப்டம்பர் 8 முதல் நடப்பில் உள்ள சர்வதேச ஒப்பந்தப்படி, கடலில் நீரை மாற்றும் கப்பல், துறைமுகத்தில் ஏற்றிய நீரைக் கொட்டிவிட்டு ஆழ்கடல் நீரை நிரப்பிக்கொள்ள வேண்டும்; அதுவும் கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், குறைந்தது 200 மீட்டர் ஆழமுள்ள இடத்தில். எங்கள் கணக்கில் அந்த ஆழம் சுமார் 110 பாகம். முடியாவிட்டால் 50 கடல் மைல், ஆழம் அதேதான். பாக் நீரிணையில் இரண்டுமே நடக்காது. கோடியக்கரைக்கும் இலங்கைக்கும் நடுவே மொத்தமே 50 கடல் மைல் கிடையாது, ஆழம் 110 பாகத்துக்குக் கிட்டேகூட வராது. இப்படிப்பட்ட கடலில் பக்கத்து நாட்டைக் கலந்துகொண்டு அரசே ஓர் இடத்தைக் குறித்துக் கொடுக்கலாம் என்கிறது ஒப்பந்தம். அந்த இடத்தை எங்கே குறிப்பார்கள் என்பதில்தான் எங்கள் பயமெல்லாம்.

ஐப்பசி, கார்த்திகையில் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடும். தரங்கம்பாடிக்கு நேரே கொட்டினால் எங்கள் வலைக்கு வரும். அப்புறம் கோடியக்கரையைச் சுற்றி முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குள் போனால் யார் பிடுங்கி எறிவது?

2024 செப்டம்பர் 8க்குப் பிறகு எல்லாக் கப்பலிலும் நீரைச் சுத்திகரிக்கும் கருவி இருக்கிறதே என்பார்கள். சரி, கருவி பழுதானால்? அப்போது கடலில் மாற்றும் பழைய வழியைத்தான் தேடுவார்கள்.

ஆகவே எங்கள் மனுவை மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டுகிறோம். இடம் குறிப்பதானால் பாக் நீரிணையும் கோடியக்கரையை ஒட்டிய கடலும் வேண்டாம். வடகிழக்கே, 110 பாகத்துக்கும் அதிக ஆழத்தில் குறிக்கட்டும். அங்கும் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மாற்ற அனுமதிக்கக் கூடாது. குறிக்கும் முன் வரைபடத்தை மீனவர் குறைதீர் கூட்டத்தில் வைத்தால், எந்த மாதம் எந்தப் பக்கம் நீரோட்டம் என்று எங்கள் பெரியவர்களே காட்டுவார்கள்.

காரைக்கால் புதுச்சேரி நிர்வாகத்தில் இருப்பதால் அங்குள்ள ஆட்சியருக்கும் ஒரு நகல் அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆறுகாட்டுத்துறை மீனவர்கள்