தமிழ் ஆவணக் குழுக்களுக்கு: சொற்பட்டியலை முதலில் முடிவு செய்யுங்கள்

கட்டற்ற மென்பொருள்களுக்குத் தமிழில் கையேடு எழுதும் நண்பர்களுக்கு, வணக்கம்.

ஒரே கையேட்டில் சர்வர், செர்வர், வழங்கி, சேவையகம் என்று 4 வடிவங்கள் வருகின்றன. வாசகர் தேடல் பெட்டியில் ஒன்றைத் தட்டினால் மற்ற மூன்றும் இருக்கும் பக்கங்கள் அகப்படுவதில்லை. எது நல்ல தமிழ் என்ற சண்டையை வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாம். ஏதாவது ஒன்று முடிவானால் போதும்.

திரையில் தெரியும் பெயர்களை மட்டும் நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்க முடியாது. பொத்தானில் 'சேமி' என்றிருந்தால் கையேட்டிலும் 'சேமி'தான். அதோடு வேற்றுமை உருபையும் ஒட்டாதீர்கள். 'பக்கம்' என்ற பட்டியைப் 'பக்கத்தைத் திறக்கவும்' என்று எழுதினால், திரையில் இல்லாத ஒரு பெயரை வாசகர் தேடுவார். "'பக்கம்' என்பதைத் திறக்கவும்" என்றால் பெயர் குலையாது.

கண்ணுக்குத் தெரியாத பிழைதான் அதிகம் படுத்துகிறது. 'கொ' எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் தட்டலாம், கொம்பு, கால் என்று இரண்டாகவும் தட்டலாம். ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களைச் சீராக்கும் யூனிகோடு முறையான என்எஃப்சி (NFC) இயல்பாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். 'மௌஸ்' அப்படியல்ல. கொம்புக்குப் பின் 'ள' எழுத்தைத் தட்டி 'மெளஸ்' என்று எழுதியதை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. கொம்புக்குப் பின் 'ள' வரும் இடங்கள் எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றவும் முடியாது. வெள்ளி, தெளிவு எல்லாம் சிதைந்துவிடும். சொல் சொல்லாகத்தான் மாற்ற வேண்டும்.

பட்டியலை, கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளின் களஞ்சியத்திலேயே ஒரு கோப்பாக வையுங்கள்: ஏற்ற வடிவம், தவிர்க்க வேண்டியவை, காரணம். தொடக்கத்துக்கு 30 சொற்கள் போதும். ஒவ்வொரு மாற்றத்தையும் இணைக்கும் முன் ஒரு சிறு நிரல் அந்தப் பட்டியலை வைத்துச் சோதிக்கட்டும்; மறுபார்வையாளரின் நினைவை நம்ப வேண்டாம். நிரலில் 2 இடங்களில் வழுக்கும். 'செர்வர்' என்று தேடினால் 'செர்வரில்', 'செர்வருக்கு' சிக்காது. கடைசிப் புள்ளியை விட்டு 'செர்வர' என்று தேடுங்கள். பைதான் நிரல்மொழியில் தேடலுக்கு வழக்கமான ரீ (re) நூலகத்தில், சொல் தொடங்கும், முடியும் இடத்தைக் குறிக்கும் சொல் எல்லைக் குறியையும் (\b) நம்பாதீர்கள். உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அது சொல்லின் பகுதியாக எண்ணாது. சொல்லுக்கு நடுவிலேயே வெட்டும்.

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து இல்லை என்று நிம்மதியாக இருக்கவும் வழியில்லை. படக் கோப்புகளின் பெயர்கள் ஆங்கிலத்தில்தானே இருக்கின்றன. விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமான அமைப்பில் இந்த வேறுபாடு பார்க்கப்படாது. எழுதியவர் கணினியில் படம் ஒழுங்காகத் தெரியும். லினக்ஸில் ஏற்றியதும் காணாமல் போகும். எல்லாப் பெயர்களையும் சின்ன எழுத்திலேயே வைத்துவிடுங்கள். பழைய பெயரில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றினால் விண்டோஸ், மேக் கணினிகளில் கிட் அதைக் கவனிக்காமல் போகலாம். முதலில் வேறொரு தற்காலிகப் பெயர், பிறகு சரியான பெயர் என்று 2 படியாக மாற்றுங்கள்.

அடுத்த வெளியீட்டுக்கு முன் அந்த 30 சொற்களை மட்டுமாவது முடித்துவிடுங்கள். பழைய பக்கங்களைக் கையில் எடுக்கும்போது திருத்திக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஆவணத் திருத்துநர்கள்