கிணற்றடிப் பேணி

லண்டன்,
12 நவம்பர் 2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். ஊரில் மழை பிடித்துவிட்டதாகத் தம்பி சொன்னான். விதைத்த வயலில் வெள்ளம் நின்றுவிடாமல் அப்பாவை வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கும் மழைதான், மண் மணக்காத மழை.

போன கிழமை தொலைபேசியில், "வந்த இடத்தில் வில்லங்கம் வேண்டாம், வாயை மூடிக்கொண்டு இரு" என்றீர்கள். பதில் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் இங்கே பல் வைத்தியராக வேலை செய்வதாக ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறீர்கள். பேராதனைப் பட்டத்தோடு நேரே கதிரைக்கு முன்னால் நிற்க இங்கே விடமாட்டார்கள். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு இரண்டு பகுதிகளாகப் பரீட்சை உண்டு. கொரோனாவால் 2020இல் நின்ற பரீட்சை 2022இல்தான் மறுபடி தொடங்கியது. காத்திருந்தவர்கள் குவிந்துவிட்டார்கள். அதுவரை உதவியாளர் வேலை: எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடிப்பது, கருவிகளைக் கழுவிக் கிருமி நீக்குவது. வேலையில் எனக்கு வெட்கம் இல்லை.

ஒரு நாள் எரித்திரியாப் பெரியவர் ஒருவர் வந்தார். அவருடைய பல் முரசு கபில நிறம். புதிதாகச் சேர்ந்த வைத்தியர் முகம் மாறி, ஏதோ நோய் என்று எழுதப் போனார். அவரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். நல்ல முரசு பவள நிறம் என்றுதான் நானும் படித்தேன். ஆனால் பேராதனையில் எங்கள் முன்னால் வாயைத் திறந்தவர்களில் எத்தனை பேருக்குப் பவள முரசு? கண்ணாடியில் உங்களுடையதைப் பாருங்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் முரசிலும் இருக்கும். இரு பக்கமும் ஒரே மாதிரிப் பரவி, வீக்கமும் இரத்தக் கசிவும் இல்லாமல், சிறு வயது முதல் இருந்துவந்தால் அது பெரும்பாலும் பிறவி நிறம். மெதுவாகச் சொன்னேன். வைத்தியர் பெரியவரிடம் விசாரித்துவிட்டு, எழுத வந்ததை மாற்றினார். நல்ல பிள்ளை.

வில்லங்கம் அதற்கடுத்த கிழமை வந்தது. கதிரையில் சாய்ந்திருந்த ஒருவர் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார். "இவளுடைய கை என் வாய்க்குள் வரக் கூடாது, இந்த நாட்டுப் பிள்ளையை அனுப்புங்கள்" என்றார். முகாமையாளர் ஓடி வந்து, சிரித்துக்கொண்டே என்னைக் கருவி கழுவும் அறைக்கு அனுப்பினார். அந்த மனிதரிடம் ஒரு சொல் கேட்கவில்லை. பிறகு என்னிடம், "சின்ன விஷயம், பெரிதாக்க வேண்டாம்" என்றார்.

அந்த மனிதரின் வாய்க்கு அவர் பொறுப்பு, அம்மா. என்னை எழுப்பி அனுப்பியது நிர்வாகம். இங்கே 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தில் தோல் நிறம், நாட்டுரிமை, இனம் எல்லாம் எழுதியிருக்கிறது. அதைக் காட்டித்தான் முறைப்பாடு கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை விசாரணை. சாட்சி சொல்ல அந்த இளம் வைத்தியர் வருகிறார். வேலை போனாலும் போகலாம்.

கழுவும் அறையில் நின்றபோது எனக்கு எங்கள் கிணற்றடிதான் நினைவுக்கு வந்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் எங்கள் வயலில் கூலிக்கு நிற்பார்கள். அவர்களுக்கென்று ஒரு தகரப் பேணி வேலியில் தொங்கும். நான் ஒரு நாள் அதில் தண்ணீர் குடித்ததற்கு நீங்கள் அடித்தீர்கள். எங்களோடு நாற்று நட்ட அந்த மாமி பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தில் அன்று இருந்ததை இப்போதுதான் வாசிக்கத் தெரிகிறது.

2009இல் வீட்டோடு அந்தப் பேணியும் போயிற்று. செட்டிகுளம் முகாமில் அந்த மாமியும் நீங்களும் ஒரே தண்ணீர் வரிசையில் நின்றீர்கள். ஒருவருக்கொருவர் வாளியும் பிடித்துக் கொடுத்தீர்கள். திரும்பி வந்து கிணற்றை இறைத்த அதே மாதம் புதிதாக ஒரு பேணி வாங்கித் தொங்கவிட்டீர்கள்.

கோபிக்காதீர்கள். விசாரணை முடிந்ததும் தொலைபேசி எடுக்கிறேன். அந்தப் பேணி இப்போதும் வேலியில் தொங்குகிறதா? அதற்கு மட்டும் உங்கள் கையால் மறுமொழி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்