நந்தன் இறங்கிய நெருப்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நவீன நாடகம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். மேல்நாட்டு நாடகங்களிலிருந்து நம்மவர்கள் எடுத்துக்கொண்டதைப் பக்கம் பக்கமாகச் சொன்னவர், நம் பழைய மேடையிலிருந்து வந்ததை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டார். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் 1978இல் வந்தது. அதற்கு அடியில் ஓடுவது கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரம்'. தீண்டாமையால் கோயிலுக்குள் போக முடியாத சிவபக்தர் நந்தனாரை, சேக்கிழார் பெரியபுராணத்தில் 37 பாட்டில் பாடி முடித்துவிட்டார். அங்கே வேதியர் பண்ணையார் கிடையாது. சிதம்பரம் போக உத்தரவு கேட்டுக் கைகட்டி நிற்கும் நந்தனையும், 40 வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போ என்று மறிக்கும் ஆண்டையையும் எதிரெதிரே நிறுத்தியவர் பாரதியார்தான். பாட்டும் பேச்சுமாகக் கதை சொல்லும் கதாகாலட்சேபமாகப் பிறந்தது நாடகமாகி, சினிமா வரைக்கும் போனதற்கு அந்த மோதலே காரணம் என்பது என் எண்ணம். இந்திரா பார்த்தசாரதி கைவைத்தது முடிவில். கோயிலுக்குள் போகுமுன் நந்தன் இறங்கும் தீ, பாரதியாரிடம் தில்லை நடராஜனின் ஆணையாக மூண்டது; அதே தீ, இவரிடம் மேல்சாதிப் பெரியவர்கள் கூடிப் பேசி மூட்டிய தீயாகிறது.

சரித்திரத்தில் நந்தன் பாடும் 'வருகலாமோ ஐயா' என் தாத்தாவுக்கு மனப்பாடம். சாயங்காலம் திண்ணையில் மாஞ்சி ராகத்தில் அதைத் தொடங்குவார். 'ஐயா' என்ற இடத்தில் குரல் அப்படியே தணிந்துவிடும். பிறகு நான் கல்லூரியில் படித்தபோது மாணவர்கள் 'நந்தன் கதை' போட்டார்கள். கடைசிக் காட்சியில் தீக்குப் பதில் ஒரு சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். எனக்குத் தாத்தாவின் அந்த 'ஐயா' காதில் விழுந்து, கண்ணில் நீர் முட்டிவிட்டது. அந்தப் பாட்டைக் கேட்டே இராத நண்பன் பக்கத்தில் இருந்தான். "பாவம், கொன்னுட்டாங்களே" என்றான். அவன் சொன்னதும் சரிதான். ஆனால் கொல்ல வந்தவர்கள் நந்தனின் பக்தியையே விறகாக அடுக்கினார்கள் என்பது அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

பழைய பாட்டு காதில் இருப்பவருக்குத்தான் புதிய நாடகம் முழுசாகக் கேட்கும். நாடகம் கற்றுத்தருகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே படிக்க வைக்க வேண்டும். முதல் நாள் மாலை சரித்திரக் கீர்த்தனைகளைப் பாடவிட்டு, மறுநாள் நாடகத்தைப் போட்டால் இன்னும் நல்லது. பாரதியார் வாழ்ந்த ஆனந்ததாண்டவபுரம் எங்கள் ஊருக்குப் பக்கம்தான். அங்கே யாராவது போட்டால் இரண்டு நாளும் வந்து உட்காருவேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மயிலாடுதுறை