மூன்று கடிதத்திலும் ஒரே பிழை

காவேரிப்பட்டினம்

தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு,

இப்படி எழுதினால் உனக்குப் பற்றிக்கொண்டு வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி மட்டும் விடவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சின்னவன் பள்ளியில் கழிப்பறைக் குழாயை யாரோ உடைத்துவிட்டார்கள். எட்டாம் வகுப்புப் பையன்கள் மூவரை ஆசிரியர் அறைக்கு அழைத்து, முதல் மணியிலிருந்து சத்துணவு மணி வரை நிற்க வைத்திருக்கிறார்கள். என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. 'ஏன்டா உடைத்தாய்?' என்பதுதான் முதல் கேள்வியே! 'மற்றவன் ஒப்புக்கொண்டுவிட்டான்' என்று மூவரிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் என்னை வரச்சொல்லி மூன்று மன்னிப்புக் கடிதங்களை நீட்டினார்கள். மூன்றிலும் ஒரே வாசகம். 'ஒழுங்கீனம்' என்பதற்கு மூன்றிலும் 'ஒழுங்கீணம்'. எழுதிக்கொடுத்த புண்ணியவான் தமிழாசிரியராக இருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

அடிக்கவில்லையாம், அதைப் பெருமையாகவே சொன்னார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியை மட்டுமா தடுக்கிறது? மன உளைச்சல் கொடுப்பதையும் சேர்த்துத்தானே? பையன்கள் நின்ற இடத்துக்கு எதிர்ச்சுவரில் 14417, 1098 என்று இரண்டு உதவி எண்களும் பெயிண்டில் பளபளக்கின்றன.

என் மகன் உத்தமன் என்று வாதாடவில்லை. அவனே உடைத்திருக்கவும் கூடும். யாருடைய சிநேகிதன் பெற்ற பிள்ளை! ஆனால் இனி அது யாருக்கும் தெரியப்போவதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். ராத்திரி கேட்டதற்கு, 'எதைச் சொன்னால் விடுவார்களோ அதைச் சொன்னேன்' என்கிறான். பதின்மூன்று வயதில் இவன் கற்றுக்கொண்ட பாடம் இது. எனக்குச் சோறு இறங்கவில்லையடா.

உன் பள்ளியில் ஒவ்வொருவனையும் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, 'காலையிலிருந்து நடந்ததைச் சொல்' என்று விட்டுவிடுவேன், முடிக்கும்வரை வாயே திறக்கமாட்டேன் என்றாயே, அதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொடு. வரும் வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழு கூடுகிறது. நான் பேசினால் பெற்றவனின் ஆத்திரம் என்று தள்ளிவிடுவார்கள். அனுபவப்பட்ட வாத்தியார் சொல் என்றால் காது கொடுப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளி சந்தைக்கு வருவாய் அல்லவா? அங்கேயே வாங்கிக்கொள்கிறேன். ஆட்டு விலையை மட்டும் இந்தமுறை நீ பேசாதே.

உன்,
குட்டையன்