ஜெஸ்ஸி எட் டேவிஸை எப்போது அழைப்பீர்கள்?

கிளீவ்லாந்து ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் பரிந்துரைக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025-இல் பியானோ கலைஞர் நிக்கி ஹாப்கின்ஸையும் பேஸ் கிட்டார் கலைஞர் கரோல் கேயையும், ராக் இசைக் கலைஞர்களைக் கௌரவிக்கும் உங்கள் மண்டபத்தின் இசைச் சிறப்பு விருதுக்குத் தேர்ந்தெடுத்தீர்கள். பிறர் பாட்டுக்கு வாசித்தே பேர் வாங்கியவர்களுக்கு அந்த மரியாதை கிடைத்தது நியாயம். அது தந்த தைரியத்தில்தான், அதே வரிசையில் நிற்க வேண்டிய இன்னொருவருக்காக இந்த மடலை எழுதுகிறேன்.

ஜெஸ்ஸி எட் டேவிஸ், 1944-இல் ஓக்லஹோமாவில் பிறந்த அமெரிக்கப் பூர்வகுடிக் கிட்டார் கலைஞர். கைஓவா, கமாஞ்சி மரபில் வந்தவர். தந்தை ஓவியர். 1988-இல் லாஸ் ஏஞ்சலஸ் வெனிஸ் பகுதியில் இறந்தபோது வயது 43.

அவர் பெயரை அறியாதவர்கள்கூட அவர் வாசிப்பைக் கேட்டிருப்பார்கள். பாடகர் ஜாக்சன் பிரவுனின் ‘டாக்டர் மை ஐஸ்’ 1972-இல் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் எட்டாம் இடம் வரை ஏறியது. அந்தப் பாட்டை ஒருமுறை கிட்டாருக்காக மட்டும் கேளுங்கள். பியானோ விடாமல் தட்டிக்கொண்டே போகிறது. குரல் சற்று ஒதுங்கியதும் டேவிஸ் உள்ளே வருகிறார். வேகம் காட்டும் ஆசையே அவருக்கு இல்லை. கம்பியை இழுத்து, சுரத்தை அதன் இடத்துக்குக் கொஞ்சம் கீழேயே பிடித்து, பிறகு மேலே சேர்க்கிறார். கமகம் கேட்டுப் பழகிய எங்கள் காதுக்கு அந்த இழுப்பு அந்நியமாகவே படுவதில்லை. பாடகர் மூச்சு வாங்குவதுபோல இடைவெளி விடுகிறார். பாட்டின் கடைசியில் மறுபடி வாசிக்கத் தொடங்கி, ஒலி தேய்ந்து மறையும் வரை நிறுத்துவதில்லை.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, தாஜ் மஹால் என்ற புளூஸ் பாடகரின் முதல் ஆல்பத்தில் ‘ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்’ பாட்டுக்கு டேவிஸ் வாசித்த ஸ்லைடு கிட்டாரை, அதாவது கம்பிமேல் ஒரு குழாயை வழுக்கி எழுப்பும் இசையை, கேட்டுத்தான் கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் ஸ்லைடு பழகத் தொடங்கினார். அவருடைய ஆல்மன் பிரதர்ஸ் இசைக்குழுவுக்கு 1995-லேயே உங்கள் மண்டபத்தில் இடம் கொடுத்துவிட்டீர்கள். வழிகாட்டியவர் இன்னும் வாசலிலேயே நிற்கிறார்.

எங்கள் ஊர்ப்பக்கம் அவரைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் 1971 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க்கில் நடந்த வங்கதேச நிதிக் கச்சேரியின் படத்தில்தான் பார்த்திருப்பார்கள். ரவிசங்கர், அலி அக்பர் கான், அல்லா ரக்கா மூவருக்காகப் படம் பார்க்க உட்காருகிறவர்கள், பீட்டில்ஸ் புகழ் ஜார்ஜ் ஹாரிசன் குழுவில் நீண்ட கருங்கூந்தலோடு அமைதியாக வாசிக்கும் ஒருவரைக் கவனிக்காமலே எழுந்துவிடுவதும் உண்டு. உடல்நலமில்லாத கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று அழைக்கப்பட்டவர் டேவிஸ். கடைசியில் இருவருமே வாசித்தார்கள். பிறகு ஜான் லெனனின் ஆல்பங்களிலும் வாசித்தார். 1975-இல் வெளிவந்த லெனனின் ‘ஸ்டாண்ட் பை மீ’ பாட்டில் ஒலிக்கும் தனி கிட்டார் அவருடையது.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் அவர் பெயர் உங்கள் பட்டியலில் ஏற வேண்டியதுதான். ஆனால் அவர் பாட்டும் எழுதினார், பாடினார். 1971 முதல் 1973 வரை மூன்று தனி ஆல்பங்கள். முதல் ஆல்பத்தின் அட்டை ஓவியம் அவருடைய தந்தை வரைந்தது. அதிலுள்ள ‘வாஷிட்டா லவ் சைல்ட்’ என் மனதுக்கு மிக நெருக்கமான பாட்டு. 1868-இல் அமெரிக்க ராணுவத் தளபதி கஸ்டரின் படை வாஷிட்டா நதிக்கரையில் ஒரு ஷையேன் பூர்வகுடிக் கிராமத்தையே அழித்தது. ஒரு நூற்றாண்டு கழித்து, அந்த நதியின் பெயரைத் தன் பெயர்போலச் சூடிக்கொண்டு, துள்ளலோடு தன் கதையைப் பாடுகிறார் டேவிஸ். பெரிய குரல் இல்லை. கரகரப்பானது, சில இடங்களில் மேல் சுரத்தைத் தொடவும் தவறுகிறது. பாட்டின் நம்பகத்தன்மை அந்தக் குரலில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ஹாரிசன் தன்னுடைய ‘சூ மீ, சூ யூ புளூஸ்’ பாட்டைத் தான் வெளியிடுவதற்கு முன்பே இவருக்குக் கொடுத்தார். 1972-இல் அது டேவிஸின் குரலில்தான் முதலில் வெளிவந்தது. பாடகர் ஜீன் கிளார்க்கின் 1971 ஆல்பத்தைத் தயாரித்தவரும் இவர்தான். கிளார்க்கின் பாட்டு முன்னே தெரிய, மற்ற எல்லாவற்றையும் அடக்கி வைத்த தயாரிப்பு அது.

அந்தத் தனி ஆல்பங்கள் விற்கவில்லை என்று உங்களில் யாராவது சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் இசைச் சிறப்பு விருது விற்பனையைப் பார்த்துத் தரப்படுவதல்ல. போதைப் பழக்கம் அவருடைய பல ஆண்டுகளைத் தின்றது என்பதும் உண்மை. அதிலிருந்து மீளப் போராடிய காலத்தில்தான், பூர்வகுடி உரிமைப் போராளியும் கவிஞருமான ஜான் ட்ரூடலுடன் சேர்ந்து, அவர் கவிதைகளுக்கு இசை அமைத்தார். 1986-இல் கேசட்டாக வெளிவந்த அந்தப் படைப்பை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பம் என்று பாராட்டியவர் பாப் டிலன். லெனனுக்கும் ஹாரிசனுக்கும் வாசித்த விரல்கள், தன் மக்களின் கோபத்துக்கும் துக்கத்துக்கும் வாசித்தன. டேவிஸைப் பற்றிப் பேசுகிறவர்கள் எழுபதுகளோடு நிறுத்திவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது.

ஷானி பூர்வகுடி மரபில் வந்த கிட்டார் கலைஞர் லிங்க் ரேவை 2023-இல்தான் சேர்த்துக்கொண்டீர்கள். அவர் இறந்து 18 ஆண்டுகள் ஆகியிருந்தன. பூர்வகுடிக் கலைஞர்களுக்கு உங்கள் கதவு திறக்க இவ்வளவு காலம் ஆவது சரியல்ல.

அடுத்த கூட்டத்தில் இசைச் சிறப்பு விருதுக்கான பெயர்களை எடுக்கும்போது ஜெஸ்ஸி எட் டேவிஸின் பெயரையும் முன்வையுங்கள். கிட்டார் கலைஞர் என்று மட்டும் எழுதாமல் பாடகர், பாடலாசிரியர், தயாரிப்பாளர் என்றும் சேர்த்து எழுதுங்கள். விழா மேடையில் அவர் வாசித்த பிறர் பாட்டுகளோடு, அவரே எழுதிய ஒரு பாட்டையாவது முழுமையாக ஒலிக்கவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு தமிழ் ரசிகர்