ஜாமீன் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள கதிருக்கு,

அப்பா எழுதுவது. ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதற்கு "சரிப்பா, யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் மூன்று ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை. மறுபடி போனில் ஆரம்பித்தால் "எனக்குத் தெரியும்ப்பா" என்பாய், நானும் விட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம்.

நண்பனோடு கூட்டுச் சேர்ந்து, வாடகைக்கு விட அடுக்குவீடு வாங்கப் போகிறோம் என்றாய். கடன் கம்பெனி பெயரில்தான், நான் சும்மா ஜாமீன் கையெழுத்து மட்டும்தான் என்றாய். அந்தச் "சும்மா"வில்தான் எனக்குத் தூக்கம் போனது.

ஆன்டுவான் வாக்கரை உனக்கு மறந்திருக்காது. அமெரிக்காவின் பாஸ்டன் செல்டிக்ஸ் பாஸ்கெட்பால் அணி, எட்டாம் நம்பர். பள்ளிக்கூட நோட்டு அட்டையில் அவர் படத்தை ஒட்டி வைத்திருந்தாயே, அவர்தான். நீ இப்போது இருக்கிற சிகாகோதான் அவருக்குச் சொந்த ஊர். ஆறு பிள்ளைகளில் மூத்தவர், அம்மா தனியாளாக நின்று வளர்த்த குடும்பம். 1996-ல் கென்டக்கி பல்கலைக்கழக அணியோடு தேசியப் பட்டம் ஜெயித்தார். அதே வருடம் டிராஃப்டில், அதாவது அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற ஏற்பாட்டில், ஆறாவது ஆளாக செல்டிக்ஸ் அவரை எடுத்தபோது வயது பத்தொன்பதுதான். சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஆட வைக்கிற ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு மூன்று தடவை தேர்வானவர். ஏன் இத்தனை மூன்று புள்ளி ஷாட் போடுகிறீர்கள் என்று கேட்டதற்கு, நாலு புள்ளி ஷாட் கிடையாதே என்று சொன்னவர். நீயும் அதைச் சொல்லிக்கொண்டு கோர்ட்டின் பாதியிலிருந்து எறிவாய், நான் திட்டுவேன்.

போன வாரம் யூடியூபில் 2002 மே மாதத்து நியூ ஜெர்ஸி நெட்ஸ் ஆட்டத்தை மறுபடி பார்த்தேன். கடைசிக் குவார்ட்டர் தொடங்கும்போது செல்டிக்ஸ் 21 புள்ளி பின்னால் இருக்கிறது. வாக்கர் தன்னோடு ஆடுகிறவர்களை வட்டமாக நிறுத்தி வைத்து, தொண்டை கிழியக் கத்துகிறார். பன்னிரண்டே நிமிடம். 94-க்கு 90 என்று ஜெயித்துவிட்டார்கள். எனக்கு இத்தனை வயதிலும் உடம்பு சிலிர்த்தது. அப்பேர்ப்பட்ட ஆள். 2006-ல் ஷக்கீல் ஓ'நீல், டுவைன் வேட் இவர்களோடு மயாமி ஹீட் அணியில் ஆடி, பட்டம் ஜெயித்தவர்களுக்குக் கொடுக்கிற சாம்பியன் மோதிரமும் வாங்கினார்.

இனி பணக் கணக்கு. பன்னிரண்டு சீசனில் சம்பளம் மட்டும் சுமார் 10 கோடியே 80 லட்சம் டாலர். வரியும் ஏஜென்ட் கமிஷனும் போய் மிச்சமே ஏழு தலைமுறைக்குக் காணும். பென்ட்லி கார், விலை உயர்ந்த வாட்ச், சூதாட்டம் எல்லாம் இருந்தது, மறைக்கவில்லை. அம்மாவுக்கு உள்ளேயே நீச்சல்குளம் வைத்து வீடு கட்டிக் கொடுத்தார். சொந்தக்காரர்கள், சிநேகிதர்கள் என்று ஒரு பெரிய கூட்டத்தையே தாங்கினார். ஊதாரி, அழித்துவிட்டான் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் அவர் சரிந்த கதையைத் தேடித் தேடிப் படித்தபோது எனக்கு உறுத்தியது வேறு. சிகாகோவின் தென்பகுதியில் அடுக்குவீடுகள் வாங்கினார். வாங்கியது கம்பெனி பெயரில்தான், உன்னை மாதிரியே. அந்தக் கடன்களுக்கெல்லாம் சொந்த ஜாமீன் கொடுத்தது அவர். 2008-ல் வீட்டு விலை விழுந்தது, வங்கிகள் நேராக அவரிடம் வந்து நின்றன. அதே வருடம்தான் என்.பி.ஏ. என்கிற அந்தப் பெரிய பாஸ்கெட்பால் லீக்கில் அவர் ஆட்டமும் முடிந்தது.

அடுத்த வருடம் சூதாட்ட விடுதிகளுக்குக் கொடுத்த காசோலைகள் பணமில்லாமல் திரும்பியதற்காகக் கைதானார். 2010 மே மாதம் திவால் மனு போட்டார். அதில் சொத்து 43 லட்சம் டாலர், கடன் 1 கோடியே 27 லட்சம். சாம்பியன் மோதிரத்தையும் விற்றார். அப்புறம் ஐடஹோவில் ஒரு சின்ன லீக் அணியில், பழைய சம்பளத்தில் ஒரு துளிகூட இல்லாத காசுக்கு, தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்களோடு ஆடினார். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நாங்களும் முட்டி தேய்ந்தபிறகு ஆடியவர்கள்தான், ஆனால் ஆசைக்காக ஆடினோம்.

கதிர், உனக்குச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நீ ஆறாவது படிக்கும்போது நல்ல பாஸ்கெட்பால் ஷூ கேட்டாய், அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இரண்டு வருடம் ஓட்டினேன். ஆபீசில் கூட வேலை பார்த்தவர் ஒருவருக்கு சொசைட்டி லோனில் ஜாமீன் போட்டிருந்தேன். ஒரே டீமில் ஆடினோம், மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. படிவத்தைப் படிக்கக்கூட இல்லை, டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். ஒருநாள் அவர் வேலையை விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டார். அந்த மாதச் சம்பளச் சீட்டில் பிடித்தம் பகுதியில் புதிதாக ஒரு வரி, 1,150 ரூபாய். சட்டையைத் துவைக்க எடுத்த உன் அம்மா பையிலிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு "இது என்னங்க?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது. கடன் அடைய மூன்று வருடம் ஆனது.

கோர்ட்டில் 21 புள்ளி பின்தங்கினால் தலைக்கு மேலே பலகையில் தெரியும். ஜாமீன் போட்ட கடனில் நண்பன் இரண்டு தவணை கட்டவில்லை என்றால் உனக்கு எங்கே தெரியும்? நோட்டீஸ் வந்தால்தான் தெரியும். நண்பன் பாதி, நீ பாதி என்று வங்கி பிரித்தும் பார்க்காது. பெரும்பாலும் யாரிடம் இருக்கிறதோ அவரிடமே முழுதாக வசூலிக்கலாம் என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். உன் நண்பன் நல்ல பையன், நம் வீட்டில் சாப்பிட்டவன். அவனைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. வாக்கருக்கும் விலை விழுந்ததுதான் வினையானது.

வெள்ளிக்கிழமை கையெழுத்து என்றாய். ஒரு வாரம் தள்ளிவை. நீயே காசு கொடுத்து ஒரு வக்கீலை வை. விற்கிறவர் தரப்பு ஆளும் வேண்டாம், வங்கி காட்டுகிற ஆளும் வேண்டாம். உன் ஜாமீன் எவ்வளவு தொகைக்கு, எத்தனை வருடத்துக்கு, கடனைப் புதுப்பித்தால் அதுவும் கூடவே நீளுமா, இந்த மூன்றையும் கேள். வரம்பு போட்டுத் தரமாட்டோம் என்றால், உன்னிடம் இருக்கிற ரொக்கத்தைப் பங்காகப் போடு. போனாலும் அதோடு போகும்.

வாக்கர் 2013-க்குள் அந்தத் திவால் வழக்கை முடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அதற்கப்புறம் மார்கன் ஸ்டான்லி நிதி நிறுவனத்தோடு சேர்ந்து, புதிதாகப் பணம் பார்க்கிற இளம் ஆட்டக்காரர்களிடம் போய்த் தன் கதையைத் தன் வாயாலேயே சொன்னார். அதற்கு எவ்வளவு மனசு வேண்டும். நான் என் பிள்ளைக்குச் சொல்லவே இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

மே மாதம் பெரியகுளத்தில் டோர்னமெண்ட் இருக்கும். லீவு கிடைத்தால் வா, பழையபடி ராத்திரி லைட் வெளிச்சத்தில் உட்கார்ந்து பார்க்கலாம். அம்மா உனக்கென்று தனி ஜாடியில் மாவடு போட்டு வைத்திருக்கிறாள். பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பு, எனக்கும் படிக்க வேண்டும். புரியாத இடத்தில் உன்னையே கேட்கிறேன்.

அன்புடன்,
அப்பா